பரணிலிருந்து இறங்கிய பாலாடை

பிள்ளை பெற்ற வீட்டில் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று பெரியவர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். ஊதக்காற்று, வாயுப் பதார்த்தம், கண் திருஷ்டி, ஈரத்தலை... இந்த வரிசையில் இப்போது புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. பிளாஸ்டிக்! எங்கோ குப்பைமேட்டில் கிடக்கிற பிளாஸ்டிக் இல்லை. தாய்ப்பாலில் இருக்கிற பிளாஸ்டிக்!

வதந்தி என்று தள்ளிவிடவும் முடியாது. 2022-ஆம் வருஷம் இத்தாலியில் ரோம் நகரத்தில் பிள்ளை பெற்ற 34 தாய்மார்களிடம், பிரசவமாகி ஒரு வாரம் கழித்துப் பால் வாங்கிச் சோதித்திருக்கிறார்கள். எல்லோரும் ஆரோக்கியமான பெண்கள். அதில் 26 பேருடைய பாலில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தன. அதே குழுவினர் அதற்கு முந்தைய வருஷம் 6 பெண்களின் நஞ்சைச் சோதித்ததில் 4 பேருடையதில் இருந்ததாகவும் எழுதியிருந்தார்கள். மைக்ரோபிளாஸ்டிக் என்று இதற்குப் பெயர். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவாக, அதாவது ஏறக்குறைய ஒரு துவரம்பருப்பு அளவிலிருந்து கீழே எவ்வளவு பொடியானாலும் அது மைக்ரோபிளாஸ்டிக்தான்.

பிளாஸ்டிக் மக்காது என்று படித்திருக்கிறோம். மக்காதே தவிர, உதிரும். மொட்டைமாடியில் இரண்டு கோடை காய்ந்த நைலான் கொடிக்கயிற்றை இழுத்துப் பாருங்கள், கையெல்லாம் வெள்ளையாகப் பொடி ஒட்டும். வெளிறிப்போன பக்கெட்டின் விளிம்பைத் தேய்த்தாலும் அப்படித்தான். அந்தப் பொடி எங்கே போகிறது? காற்றில், தண்ணீரில், மண்ணில், கடைசியில் நம் வயிற்றில்.

என் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது இந்தச் சேதி அவள் கைபேசியில் வந்தது. குழந்தை பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. ராத்திரி பால் கொடுக்க எழுந்திருக்கிறவள் தூக்கம் வராமல் அதைப் படித்திருக்கிறாள். காலையில் முகம் வீங்கிப்போய் வந்து, "அம்மா, இனிமே நான் பால் குடுக்கல. பவுடர் பால் வாங்கிட்டு வரச் சொல்லு" என்றாள். நான் ஏதோ வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். விஷயத்தைச் சொல்லி அழுதாள். "எம் பிள்ளைக்கு நானே விஷத்தைக் குடுக்கிறேனேம்மா" என்று அவள் சொன்னதும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

சமாதானம் சொன்னால் கேட்கிற நிலையில் அவள் இல்லை. அரைகுறையாகக் கொடுப்பதும் பிடுங்கிக்கொள்வதுமாக இரண்டு நாள் போயிற்று. குழந்தை வீல் வீலென்று கத்தினான். மூன்றாம் நாள் இவளுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகி, ஜுரமும் வந்துவிட்டது.

என் மாமியாருக்கு எழுபத்தாறு வயது. நாங்கள் பேசுவதையெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். மெதுவாகப் பேத்தியைக் கூப்பிட்டு, "ஏம்மா, பவுடர் பாலு குடுக்கிறேங்கிறியே, அதை எதுல ஊத்திக் குடுப்ப?" என்று கேட்டார். "பாட்டில்லதான் அப்பாயி." "அந்த பாட்டில எதால செஞ்சிருக்கானாம்?" என் பெண் பதில் பேசவில்லை.

அப்பாயி கேட்ட கேள்விக்கு அயர்லாந்தில் விடை கண்டிருக்கிறார்கள். டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் பாலிபுரொப்பிலீன் பால்புட்டிகளைச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். நாம் கடையில் வாங்குகிற பிளாஸ்டிக் புட்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். சுடுநீரில் கொதிக்கவைத்து, சூடான தண்ணீரில் பவுடரைப் போட்டுக் குலுக்கினால், ஒரு லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் துணுக்குகள் வரை பாலில் கலக்கின்றனவாம். புட்டிப்பால் குடிக்கிற குழந்தை சராசரியாக நாளொன்றுக்கு 15 லட்சத்துக்கு மேல் விழுங்குகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எந்தப் பயத்துக்காகத் தாய்ப்பாலை நிறுத்துகிறோமோ, அதே பயத்தை மடங்கு மடங்காகப் புட்டியில் ஊற்றிக் கொடுக்கிற கதை!

ஜுரத்துக்காகப் போனபோது குழந்தை டாக்டரம்மாவும் இதையேதான் சொன்னார்கள். பாலில் பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்த அந்த இத்தாலிக்காரர்களே தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், அதன் நன்மை இதைவிடப் பெரியது என்றுதான் சொல்லியிருக்கிறார்களாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை அப்படியே இருக்கிறது. சீம்பாலில் இருக்கிற நோய் எதிர்ப்புச் சக்தியை எந்த டப்பாவிலும் அடைத்துத் தர முடியாது. இன்னொன்றும் சொன்னார்கள். தாய் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தால் பால் சுரந்தாலும் இறங்கிவராது. மனசு அமைதியாக இருந்தால்தான் பீறிட்டு வரும். என்னைக் கேட்டால், இருபது நாள் பச்சை உடம்புக்காரிக்கு நடுராத்திரியில் இப்படியொரு செய்தியை நீட்டுகிற கைபேசியைத்தான் முதலில் பிடுங்கிப் பரணில் வைக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். அதோடு விஷயம் முடிந்ததா என்றால் இல்லை. "பால நிறுத்த வேண்டாம், சரி. ஆனா என் உடம்புக்குள்ள போறதையாவது குறைக்கலாம் இல்லையாம்மா?" என்றாள். நியாயமான கேள்விதானே! தாய் தின்பதும் குடிப்பதும் மூச்சில் இழுப்பதும்தானே உள்ளே போகிற வழி? அடியோடு ஒழிப்பது நம்மால் ஆகிற காரியம் இல்லை. அந்த 34 பெண்களிடமும் என்ன சாப்பிட்டீர்கள், என்ன சோப்பு போட்டீர்கள் என்றெல்லாம் விசாரித்தும், இதனால்தான் வந்தது என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியவில்லையாம். அவ்வளவு தூரம் எங்கும் பரவிக் கிடக்கிறது. ஆனாலும் எது எது அதிகமாக உதிர்க்கிறது என்று தனித்தனியே சோதித்த விவரங்கள் இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வந்தோம்.

நான் புரிந்துகொண்ட வரையில் பிளாஸ்டிக்குக்கு ஆகாதது மூன்று. சூடு, எண்ணெய், புளிப்பு. இதில் சூடுதான் தலைமை. பருப்பு, அரிசி, மிளகாய் போட்டு வைத்திருக்கிற டப்பாக்களை நான் தூக்கி எறியவில்லை. பக்கெட்டும் மக்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமென்றால் குடும்பம் திவாலாகிவிடும்! சூடான பண்டம் பிளாஸ்டிக்கைத் தொடக்கூடாது என்ற ஒன்றைக் கட்டாயமாக்கினோம்.

அப்படிப் பார்த்தபோது முதலில் அகப்பட்டது காகிதக் கப். காகிதம்தானே என்று நினைக்கிறோம். உள்ளே ஒழுகாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு பூசியிருக்கிறார்கள். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் சோதித்து 2021-இல் வெளியான கட்டுரையில், 100 மில்லி சூடான பானம் அந்தக் கப்பில் 15 நிமிஷம் இருந்தால் சுமார் 25,000 துணுக்குகள் உதிர்கின்றன என்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் பால், ஹார்லிக்ஸ், கஞ்சி எல்லாம் இந்தக் கப்பில்தான் வந்தது. பிரசவத்துக்குப் போகிறவர்கள் பையில் இரண்டு எவர்சில்வர் டம்ளரும் ஒரு கிண்ணமும் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். இடத்தை அடைக்காது. டீத்தூள் பைகளிலும் சிலது பிளாஸ்டிக் இழையில் செய்கிறார்கள். கனடாவில் 2019-இல் சோதித்தபோது அப்படிப்பட்ட ஒரே பையிலிருந்து கோடிக்கணக்கில் துணுக்குகள் உதிர்ந்தன. நமக்கென்ன, தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் ருசியும் அதில்தான்.

அடுத்தது பார்சல். கொதிக்கிற சாம்பாரைப் பாலிதீன் பையில் ஊற்றி ரப்பர் பாண்டு போட்டுக் கொடுக்கிறார்களே, அது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்த மாதிரிப் பைகளுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மஞ்சப்பைத் திட்டமும் வந்தது. ஆனாலும் தெருமுனைக் கடையில் போய்ப் பாருங்கள்! இட்லித் தட்டில் துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாளைப் போட்டு வேகவைக்கிற வழக்கத்தைக் கர்நாடகத்தில் 2025-இல் கண்டுபிடித்துத் தடை செய்தார்கள். நம் பாட்டிகள் ஈரத்துணி போட்டு இட்லி வார்த்தது என்ன குறைந்துவிட்டது? மாப்பிள்ளை வரும்போதெல்லாம் ஆசையாக ஏதாவது வாங்கிவருவார். அவரிடம் நான் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். பெண்ணே இரண்டு தூக்கையும் ஒரு டிபன் காரியரையும் கையில் கொடுத்து, "இதுல வாங்கிட்டு வாங்க, இல்லேன்னா வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். முதல் நாள் சங்கடப்பட்டார். இப்போது வண்டியிலேயே தூக்கு தொங்குகிறது.

ஊறுகாயும் எண்ணெயும் பீங்கான் ஜாடிக்கும் கண்ணாடிப் பாட்டிலுக்கும் மாறின. காய் நறுக்குகிற பிளாஸ்டிக் பலகையைப் பார்த்தேன். நடுவில் கத்தி வெட்டுகளாகப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் இருந்ததெல்லாம் எங்கே போயிருக்கும்? பொரியலோடு தின்றிருப்போம். அரிவாள்மணை திரும்பி வந்தது. பத்தியத்துக்கு நெத்திலி வாங்கினால் தலையையும் குடலையும் கிள்ளி எடுத்துவிட்டுச் செய்யுங்கள். மீனுக்குள் போகிற துணுக்குகள் பெரும்பாலும் குடலில்தான் தங்குகின்றன.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் அடங்காது. சொம்பு சொம்பாகக் குடிப்பாள். குழந்தைக்கோ ஆறு மாதம் வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டியதில்லை. ஆகையால் தாய் குடிக்கிற தண்ணீர்தான் கணக்கு. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2024-இல் கடைப் பாட்டில் தண்ணீரைச் சோதித்ததில், லிட்டருக்குச் சராசரியாக 2 லட்சத்து 40 ஆயிரம் துணுக்குகள் இருந்தன. பெரும்பாலும் மைக்ரோவையும்விடப் பொடியானவை.

அதே 2024-இல் சீனாவிலிருந்து வந்த ஆராய்ச்சி ஒன்று எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. உப்புத் தண்ணீர், சப்புத் தண்ணீர் என்கிறோமே, அந்தச் சுண்ணாம்பு அதிகமுள்ள தண்ணீரைக் கொதிக்கவைத்தால், பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பு இந்தத் துணுக்குகளையும் தன்னோடு பிடித்துக்கொண்டு அடியில் தங்கிவிடுகிறதாம். கடினமான தண்ணீரில் 90 சதவீதம் வரை குறைகிறது. மென்மையான தண்ணீரில் 25 சதவீதம்தான். எங்கள் தெரு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒரு மாதத்தில் சுண்ணாம்பு அடை தட்டிவிடும். அதைச் சபிக்காத நாளில்லை. அதற்கும் ஒரு உபயோகம் இருக்கிறது பாருங்கள்!

நாங்கள் செய்கிற முறை இதுதான். பெரிய எவர்சில்வர் தவலையில் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு மூடி வைக்கிறோம். ராத்திரி முழுக்க ஆறித் தெளிந்ததும், அசைக்காமல் மேலாக மொண்டு, நாலாக மடித்த வெள்ளைப் பருத்தித் துணியில் வடிகட்டிப் பானையில் ஊற்றுகிறோம். அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீரை விட்டுவிடுகிறோம், அது செடிக்கு. பாத்திரத்தையும் துணியையும் தினமும் கழுவிவிட வேண்டும். காஸ் கொஞ்சம் கூடத்தான் செலவாகிறது. கேன் தண்ணீர் வாங்கும் காசு மிஞ்சுகிறதே!

துணிமணிக்கு வருவோம். வீட்டுத் தூசியைக் கவனித்தீர்களானால், கட்டில் அடியில் பஞ்சு மாதிரி உருண்டு கிடக்கும். அதில் பாலியெஸ்டர், நைலான் இழைகள் ஏராளம். ஒரு வயதுக் குழந்தைகளின் மலத்தில் ஒருவகைப் பிளாஸ்டிக் பெரியவர்களுடையதைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்ததாக 2021-இல் அமெரிக்காவில் சிறு அளவில் நடந்த ஒரு சோதனையில் தெரிந்தது. பாலியெஸ்டர் துணியும் தண்ணீர்ப் பாட்டிலும் செய்கிற அதே சரக்குதான் அது. குழந்தை எந்நேரமும் தாயின் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கிறது. அவள் வழவழவென்று நைட்டி போட்டிருந்தால்? என் பெண்ணுக்குப் பழைய சுங்குடிச் சேலைகளை எடுத்துக் கொடுத்தேன். தூளிக்கும் பருத்திச் சேலைதான். பரிசாக வந்த புசுபுசு போர்வைகளை மடித்து வைத்துவிட்டு, மாமனாரின் பழைய வேட்டிகளைக் கிழித்தோம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டிக்கு ஈடு ஏது? துடைப்பதற்கும் அதுவே. கடையில் வரும் ஈரத்தாள்களில் அநேகமானவை காகிதமல்ல, பிளாஸ்டிக் இழைதான். தரையை வெறுமனே பெருக்கினால் தூசி எழும்பிக் குழந்தையின் மூக்குக்குத்தான் போகும். ஈரத்துணி போட்டுத் துடைப்பது மேல்.

கடைசியாகப் பாலாடைக்கு வருகிறேன். பெண்ணுக்கு வேலையில் சேர வேண்டும். சம்பளத்தோடு 26 வாரம் லீவு உண்டென்றாலும், அதில் எட்டு வாரம் பிரசவத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. பால் எடுத்து வைத்துவிட்டுப் போனால், எதில் கொடுப்பது என்ற கேள்வி வந்ததும் மாமியார் பரணைக் காட்டினார். என் வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறி, பித்தளை அண்டாவுக்குள்ளிருந்து ஒரு சின்ன வெள்ளிப் பாலாடையை எடுத்தார். கறுத்துப்போயிருந்தது. அவரே குடித்த பாலாடை! புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. கடையில் எவர்சில்வரிலும் கிடைக்கிறது, வெள்ளிதான் வேண்டுமென்றில்லை. எடை குறைந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிகளிலேயே பாலாடையில்தான் ஊட்டுகிறார்கள். பத்து நிமிஷம் தண்ணீரில் கொதிக்கவைத்தால் சுத்தம். ரப்பர்க் காம்பு கிடையாது, சந்து பொந்து கிடையாது, உதிர எதுவும் கிடையாது. குழந்தைக்குக் காம்புக் குழப்பமும் வராது. பால்புட்டிக்கும் பவுடருக்கும் விளம்பரமே செய்யக்கூடாது என்று 1992-லேயே நம் நாட்டில் சட்டம் போட்டது சும்மாவா?

ஆனால் ஒன்று. நான் மாமியாரோடு உடன்படாத இடமும் இதுதான். காலை நீட்டிக் குழந்தையை மல்லாக்கப் போட்டு, அழ அழ வாயில் ஊற்றுவது அந்தக் கால வழக்கம். அது வேண்டவே வேண்டாம். புரை ஏறி மூச்சுக்குழலில் போய்விடும். குழந்தையைச் சாய்வாக நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, துளித் துளியாகச் சாய்க்க வேண்டும். விழுங்கிய பிறகுதான் அடுத்தது. வாயை மூடிக்கொண்டால் நிறுத்திவிட வேண்டும். இதை மாமியாரிடம் நான் சொல்லியிருந்தால் பெரிய ரகளையாகியிருக்கும். டாக்டரம்மா செய்து காட்டினார்கள். "அவங்க படிச்சவங்க, சொன்னாச் சரிதான்" என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்!

பால் எடுப்பதற்குப் பம்பு வேண்டாமென்று கையாலேயே எடுக்கப் பழகிக்கொண்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மார்பை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வைத்து, உள்நோக்கி அழுத்தி, பிறகு லேசாகப் பிதுக்கி விட வேண்டும். இழுக்கக்கூடாது. முதல் இரண்டு நாள் சங்கு அளவுதான் வந்தது. ஒரு வாரத்தில் பாதி டம்ளர் ஆயிற்று. பம்பு உபயோகிக்கிறவர்களும் பயப்பட வேண்டாம். பால் நம் உடம்புச் சூட்டில்தானே இருக்கிறது? பம்பின் பாகங்களைக் கொதிக்கவைத்த பிறகு, எவர்சில்வரில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் ஒருமுறை அலசிவிடுங்கள். கொதியில் உதிர்ந்தது போய்விடும்.

எடுத்த பாலை மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் வைக்கிறோம். வெளியில் நாலு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி அறைக்குச் சொன்னது. நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அந்தக் கணக்கு செல்லாது, உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். அங்கே நாலு நாள் இருக்கலாம் என்கிறார்கள். கரண்ட் போய் வருகிற நம் வீடுகளில் ஒரு நாளோடு முடித்துக்கொள்வது என் வழக்கம். கொடுக்கும்போது பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்தால் போதும். அடுப்பில் காய்ச்சக்கூடாது. பிளாஸ்டிக்கில் ஊற்றி மைக்ரோவேவில் வைப்பது எல்லாவற்றிலும் மோசம். 2023-இல் அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் குழந்தை உணவு டப்பாக்களை அப்படிச் சூடாக்கிப் பார்த்ததில், மூன்றே நிமிஷத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து 42 லட்சம் துணுக்குகள் வரை வெளிவந்தன.

பால் போதாமல், டாக்டரே பவுடர் பால் எழுதிக்கொடுத்த தாய்மார்களும் இருப்பீர்கள். உங்கள் மனசு கஷ்டப்பட வேண்டாம். பவுடரை எவர்சில்வர்ப் பாத்திரத்திலேயே வெந்நீரில் கரைத்து, பதமாக ஆறவிட்டு, பிறகு பாலாடையிலோ கண்ணாடிப் புட்டியிலோ ஊற்றிக் கொடுங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெண் ஆபீசுக்குப் போக ஆரம்பித்து ஒரு மாதமாகிறது. வாயகன்ற ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு, அதற்குள் இரண்டு கண்ணாடிப் பாட்டில் வைத்து எடுத்துப்போகிறாள். மத்தியானம் ஒரு தடவை பால் எடுத்துவைத்து, சாயங்காலம் கொண்டுவருகிறாள். பேரன் இப்போது பாலாடையைப் பார்த்தாலே வாயைத் திறக்கிறான். ஊட்டுவது யார் என்பதில்தான் எனக்கும் என் மாமியாருக்கும் தினமும் போட்டி.